பிரானா மீன்பிடிப்பு: முதல்முறை தூண்டில் போடப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தென் அமெரிக்காவுக்குச் செல்லத் திட்டமிடும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் பிரானா மீனைப் பற்றியவைதான். அமேசான் காட்டிலும் பந்தனால் சதுப்பு நிலத்திலும் உள்ள பெரும்பாலான விடுதிகள் அரை நாள் பிரானா பிடிப்பையும் பயணத்திட்டத்தில் சேர்த்துவிடுகின்றன. அதனால் ஊரில் ஒருநாளும் தூண்டிலைத் தொட்டிராதவர்களும் அங்கே கையில் கழியுடன் படகில் உட்கார நேர்கிறது. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்து, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பிரானா என்பது ஒரே மீனா, பல வகை உண்டா? எங்களுக்கு எது கிடைக்கும்?

பல வகை உண்டு. எல்லாமே தென் அமெரிக்காவின் நன்னீரில் வாழ்பவை, கடலில் கிடையாது. பயணிகளின் தூண்டிலில் அதிகம் சிக்குவது செவ்வயிற்றுப் பிரானா. முதுகு சாம்பல் நிறமாகவும், பக்கவாட்டுச் செதில்கள் வெள்ளித்தூள் தூவியதுபோல் மினுங்கியும், தொண்டையிலிருந்து வயிறு வரை செம்மஞ்சளாகவும் இருக்கும். பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்குள் இருப்பவையே கிடைக்கும். ரியோ நெக்ரோ போன்ற கருநீர் ஆறுகளில் சிவந்த கண்ணுடைய கரும்பிரானா கிடைக்கும்; அது மூன்று கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. வெனிசுவேலாவின் லானோஸ் சமவெளிக்கும், பிரேசிலின் சாவோ பிரான்சிஸ்கோ ஆற்றுக்கும் தனித்தனி இனங்கள் உண்டு.

எந்த ஊருக்குப் போனால் பிடிக்கலாம்?

பிரேசிலில் இரண்டு பெரிய வாசல்கள் உள்ளன. ஒன்று, அமேசோனாஸ் மாநிலத் தலைநகர் மனௌஸ். கரிய ரியோ நெக்ரோவும் சேற்று நிறமான சோலிமோயிஸ் ஆறும் கலக்குமிடம் இந்நகருக்கு அருகில்தான் இருக்கிறது. மற்றொன்று பந்தனால். குயாபா விமான நிலையத்தில் இறங்கி, பொக்கோனே ஊரிலிருந்து போர்த்தோ ஜோஃப்ரே வரை செல்லும் சுமார் 147 கிலோமீட்டர் மண்சாலையான திரான்ஸ்பந்தனேய்ராவில் பயணம் செய்தால், வழியிலேயே விடுதிகள் இருக்கின்றன. பெருவில் இக்கிடோஸிலிருந்து செல்லலாம்; வெளியூரிலிருந்து அந்த நகரத்துக்கு விமானத்திலோ படகிலோதான் போக முடியும். பொலிவியாவில் ருரெனபாக்கே ஊரிலிருந்து யாக்குமா ஆற்றுக்கு அழைத்துச் செல்கிறார்கள்.

முதல்முறை செல்பவருக்கு நான் பந்தனாலையே பரிந்துரைப்பேன். அமேசானில் அடர்ந்த காடு கண்ணை மறைத்துவிடும். பந்தனாலோ திறந்த வெளி. தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நாரைகளும், கபிபாரா எனும் பெரிய கொறித்துண்ணிகளும், கரையில் வெயில் காயும் கெய்மன் முதலைகளும் கண்ணில் படும். மீன் சிக்காத நாளிலும் மனம் நிறைந்து திரும்பலாம்.

எந்த மாதம் போவது நல்லது?

மாதத்தைவிட நீர்மட்டம்தான் முக்கியம். தண்ணீர் வற்றும்போது மீன்கள் ஏரிகளிலும் ஆற்று மடுக்களிலும் நெருங்கிக் கிடக்கும். தூண்டில் விழுந்தவுடன் கொத்தும். வெள்ளக் காலத்தில் ஆறு கரையைக் கடந்து காட்டுக்குள் ஏறுவதால் மீன்கள் மரங்களுக்கிடையே பரவிவிடும். ஒரு மணி நேரம் காத்திருந்தும் நரம்பு அசையாமல் இருக்கலாம். மனௌஸில் பொதுவாக ஜூன் மாதத்தில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். அக்டோபர், நவம்பரில் நீர் மிகவும் இறங்கிவிடும். இக்கிடோஸ் ஆற்றின் மேற்பகுதியில் இருப்பதால் அங்கே உச்சமும் வீழ்ச்சியும் சற்று முன்னதாகவே வரும். பந்தனாலுக்கு மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்கள் ஏற்றவை.

ஒவ்வோர் ஆண்டும் நிலைமை ஒன்றுபோல் இருப்பதில்லை. மனௌஸ் துறைமுகத்தில் 2021 ஜூனில் ரியோ நெக்ரோவின் நீர்மட்டம் 30 மீட்டரைத் தாண்டியது. 2023 அக்டோபரில் 12.7 மீட்டருக்கு இறங்கியது. 2024இல் அதற்கும் கீழே சென்றது. கடும் வறட்சியில் மீன் மிகுதியாக இருந்தாலும் படகு விடுதிவரை செல்ல முடியாமல் போகலாம். ஆகவே முன்பதிவு செய்யும்போது, "இப்போது தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று விடுதிக்காரரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தூண்டில், நரம்பு எல்லாம் இங்கிருந்தே வாங்கிட்டுப் போகணுமா?

வேண்டாம். அங்கே பயன்படுத்தும் கருவி மிக எளியது. ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமான மூங்கில் கழி, கழியின் நீளமே உள்ள தடித்த நைலான் நரம்பு, அதன் நுனியில் விரல் நீளத்துக்கு எஃகுக் கம்பி, கம்பியில் நீண்ட தண்டுள்ள தூண்டில்முள், இவ்வளவுதான். சுற்றுருளை கிடையாது. பெருவிலும் பொலிவியாவிலும் பல இடங்களில் கழிகூட இல்லாமல், மரத்துண்டில் சுற்றிய நரம்பைக் கையாலேயே வீசிப் பிடிக்கிறார்கள்.

அந்த எஃகுக் கம்பி மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் நைலான் நரம்பைப் பிரானா ஒரே கடியில் அறுத்துவிடும். முள்ளும் அதன் வாயோடு போய்விடும். படகில் ஏறும்போது கம்பி இருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்குக்கு நீளமான மூக்குடைய குறடு ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டால் மிகவும் உதவும். விமானத்தில் அதைக் கைப்பையில் வைக்கக் கூடாது.

இரை மாட்டிறைச்சிதான் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதைத் தொட மாட்டோம். என்ன செய்வது?

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தயங்கத் தேவையில்லை. கோழித்தோல், கோழிக்குடல், மீன் துண்டு எதற்கும் பிரானா வரும். மாட்டிறைச்சியை அவர்கள் விரும்புவதற்குக் காரணம், நரம்பும் சவ்வுமாக இருப்பதால் முள்ளிலிருந்து எளிதில் கழன்று வராது என்பதுதான். அந்தக் குணம் கோழித்தோலிலும் உண்டு. முதலில் ஒரு சிறிய மீன் சிக்கிவிட்டால் அதையே நறுக்கி இரையாக்குவதும் அங்கே வழக்கம். மென்மையான கோழிச்சதையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒரே கொத்தில் போய்விடும்.

எப்படிப் போடுவது? தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள்.

படகோட்டி இயந்திரத்தை நிறுத்தி, கரையோரப் புதரிலோ நீர்த்தாவரக் கூட்டத்தின் ஓரத்திலோ படகைக் கட்டுவார். காலையும் மாலையும் நல்ல நேரம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய இரைத்துண்டை எடுத்து, முள்ளை இரண்டு மூன்று முறை ஊடுருவச் செய்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி இறுக்கமாகக் கோத்துக்கொள்ளுங்கள். இரையின் ஓரம் முள்ளுக்கு வெளியே தொங்கினால் அந்தப் பகுதியை மட்டும் கத்தரித்துத் தின்றுவிட்டு மீன் போய்விடும்.

அடுத்ததாகச் செய்வது, ஊரில் குளக்கரையில் மீன் பிடித்துப் பழகியவர்களை வியக்க வைக்கும். அங்கே சத்தம் போடாமல் இருக்கச் சொல்வார்கள். இங்கே கழியின் நுனியால் தண்ணீரை நான்கைந்து முறை பட் பட்டென்று அடிக்கச் சொல்வார்கள். தண்ணீரில் தவறி விழுந்த ஏதோ ஒன்று தத்தளிக்கிறது என்று எண்ணிப் பிரானாக்கள் அந்தச் சத்தத்தை நோக்கி வரும். அடித்த உடனேயே இரையை அதே இடத்தில் இறக்கி, நரம்பு தொய்யாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கொத்தினால் கழி வளையும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் யாரோ விரல் நகத்தால் தட்டுவதுபோல் டக் டக்கென்று விரைவான அதிர்வுகள் கையில் தெரியும். ஒன்று தட்டினால் அடுத்த நொடி மூன்று நான்கு சேர்ந்துகொள்ளும். அந்த அதிர்வு ஒரு கணம் அழுத்தமாக மாறும்போது மணிக்கட்டால் மேல்நோக்கிச் சுண்ட வேண்டும். சுண்டிய வேகம் குறையாமல் அப்படியே மீனைத் தூக்கிப் படகுக்குள் கொண்டுவர வேண்டும். நரம்பு தொய்ந்தால் முள்ளை உதறிவிடும்.

எனக்கு மட்டும் இரை போய்க்கொண்டே இருந்தது, ஒரு மீனும் ஏறவில்லை. என்ன தவறு?

ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் அரை மணி நேரம் இப்படித்தான் போகும். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். இரைத்துண்டு பெரிதாக இருக்கிறது. அல்லது முந்தைய பதிலில் சொன்னதுபோல் இறுக்கமாகக் கோக்கப்படவில்லை. அல்லது நீங்கள் தாமதமாகச் சுண்டுகிறீர்கள். பக்கத்தில் இருக்கும் படகோட்டி ஒவ்வொரு முறையும் மீனோடு தூக்குவதைப் பார்த்தால், அவருடைய கழியைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பாருங்கள். சுண்டும் தூரம் ஒரு முழம்கூட இருக்காது.

மிகையாகச் சுண்டுவதும் கூடாது. முழுத் தோளையும் பயன்படுத்தி இழுத்தால், மீன் இருந்தால் அது பறந்து வந்து யாராவது ஒருவர் மடியில் விழும். மீன் இல்லாவிட்டால் வெறும் முள் வேகமாகத் திரும்பி வந்து முகத்தில் படும். கறுப்புக் கண்ணாடியோ சாதாரண மூக்குக்கண்ணாடியோ கட்டாயம் அணிந்திருங்கள்.

ஏறின மீனை நானே கையால் பிடிக்கலாமா? போட்டோ எடுக்கணும்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். பிரானா பிடிப்பில் ஆபத்து தண்ணீரில் இருப்பதைவிடப் படகுக்குள்தான் அதிகம். விரலில் கடிபடுபவர்களில் பெரும்பாலோர் முள்ளைக் கழற்றும்போதோ, படகின் அடியில் துள்ளும் மீனை மிதிக்கும்போதோதான் கடிபடுகிறார்கள். இறந்துவிட்டதாக நினைத்த மீன்கூட வாயருகே விரல் பட்டால் தாடையை மூடும்.

முள்ளைக் கழற்றும் வேலையை வழிகாட்டியிடமே விட்டுவிடுங்கள். அவர் ஒரு கையால் மீனின் செவுளுக்குப் பின்னால், தலையும் உடலும் சேருமிடத்தில் மேலும் கீழுமாக அழுத்திப் பிடித்து, மறு கையிலுள்ள குறட்டால் முள்ளின் தண்டைப் பற்றித் திருகி எடுப்பார். படம் எடுக்க விரும்பினால், அவர் பிடித்துக் கொடுத்த அதே பிடியில், வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது நரம்பில் தொங்கும்போதே எடுங்கள். செருப்பு வேண்டாம், மூடிய காலணி அணியுங்கள்.

பல வழிகாட்டிகள் ஒரு பச்சை இலையை மீனின் வாயருகே காட்டுவார்கள். தடித்த உதடு பின்வாங்கியதும் அதுவரை மறைந்திருந்த முக்கோணப் பற்கள் வரிசையாகத் தெரியும். மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றன் இடுக்கில் ஒன்று பொருந்தும். தாடை மூடி விலகும்போது இலையில் அரைவட்டம் ஒன்று காணாமல் போயிருக்கும். ஓரத்தில் பிசிறே இருக்காது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கரும்பிரானாவின் கடிவிசை 320 நியூட்டன் வரை அளக்கப்பட்டது. அது அந்த மீனின் எடையைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு. பல் மழுங்கினாலும் அதற்குக் கவலையில்லை. தாடையின் ஒரு பக்கத்துப் பற்கள் அனைத்தும் ஒரே தொகுதியாக விழுந்து புதியவை முளைப்பதை 2019இல் ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

படகுக்குள் வந்ததும் மீன் கத்துகிறதே, அது உண்மையா?

உண்மைதான். செவ்வயிற்றுப் பிரானா கையில் பிடிபட்டதும் உறுமுவதுபோலவோ குரைப்பதுபோலவோ ஒலி எழுப்பும். காற்றுப்பையை ஒட்டிய தசைகள் வேகமாகச் சுருங்கி விரிவதால் அந்த ஒலி உண்டாகிறது. தண்ணீருக்குள் ஒன்றையொன்று மிரட்டும்போதும் இரைக்காகச் சண்டையிடும்போதும் வெவ்வேறு ஒலிகளை எழுப்புகின்றன என்று 2011இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. மீனுக்குக் குரல் உண்டு என்பதைக் கையதிர உணரும் அந்தக் கணத்துக்காகவே இந்தப் பயணத்தை நான் பலருக்கும் பரிந்துரைக்கிறேன்.

ஒரு மாட்டையே ஒரு நிமிஷத்துல எலும்பாக்கிடும்னு சொல்றாங்களே?

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், பிரேசிலின் கான்டிடோ ரோண்டோனுடன் 1913, 1914 ஆண்டுகளில் அமேசான் காட்டில் பயணம் செய்தார். உலகிலேயே மிக மூர்க்கமான மீன் இதுதான் என்று தம் பயண நூலில் அவர் எழுதியதிலிருந்து இந்தக் கதை உலகெங்கும் பரவியது; பின்னர் திரைப்படங்கள் அதை ஊதிப் பெரிதாக்கின. நடைமுறையில் பிரானா அச்சம் மிகுந்த மீன். மற்ற மீன்களின் துடுப்பையும் செதிலையும் கடித்துத் தின்னும். பூச்சி, பழம், விதை, இறந்த உடல் என எதையும் உண்ணும். கெய்மன், ஆற்று ஓங்கில், ராட்சத நீர்நாய், நீர்க்காகம் எல்லாம் பிரானாவைத் தின்பவை. அது கூட்டமாகத் திரிவது வேட்டைக்காக அல்ல, தன்னைத் தின்ன வருபவற்றிடமிருந்து தப்பிப்பதற்காகத்தான் என்பதை, பிரேசிலின் மமிராவா காப்பகத்துச் செவ்வயிற்றுப் பிரானாக்களை ஆராய்ந்தவர்கள் 2005இல் எடுத்துக்காட்டினார்கள்.

மீன் பிடிச்ச இடத்துக்குப் பக்கத்துலயே குளிக்கச் சொன்னாங்க. இறங்கலாமா?

ஆறு பெரிதாக, நீர் ஓட்டமுள்ளதாக, வழிகாட்டியும் ஊர்மக்களும் அன்றாடம் குளிக்கும் துறையாக இருந்தால் இறங்கலாம். அங்குள்ள குழந்தைகள் அந்த ஆறுகளில்தான் நீந்தக் கற்கிறார்கள். ஆனால் இரை கலந்த தண்ணீரில், தூண்டில் போட்ட அதே இடத்தில் இறங்க வேண்டாம். உடலில் இரத்தம் கசியும் காயம் இருந்தாலும் வேண்டாம்.

சில இடங்களையும் காலங்களையும் உறுதியாகத் தவிர்க்க வேண்டும். வறட்சியில் ஆற்றிலிருந்து துண்டிக்கப்பட்ட குட்டைகளில் மீன்கள் பசியோடு நெருங்கிக் கிடக்கும். நாரைக் கூடுகள் நிறைந்த மரத்தடியில், விழும் குஞ்சுகளுக்காகப் பிரானாக்கள் காத்திருக்கும். மீன் கழுவிக் குடலை எறியும் படித்துறைகளும் அப்படித்தான். இவை தவிர முட்டையிடும் காலத்தில் நீர்ச்செடிகளுக்கிடையே கூட்டைக் காக்கும் மீன், அருகில் வருபவரைக் கடித்து விரட்டும். பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்தில் அணைநீரில் குளித்தவர்கள் கடிபட்டதைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வு, பெரும்பாலும் ஆளுக்கு ஒரு கடி மட்டுமே விழுந்ததையும், அது கூடு காக்கும் நடத்தை என்பதையும் சுட்டியது. ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2013 கிறிஸ்துமஸ் நாளன்று அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில், கடும் வெயிலில் பரானா ஆற்றில் குளித்தவர்களில் 60க்கும் மேற்பட்டோர், அங்கே பலொமேத்தா எனப்படும் பிரானா இன மீனிடம் கடிபட்டார்கள்.

அப்படியானால் பிரானாவைவிட எதற்குப் பயப்பட வேண்டும்?

திருக்கை மீனுக்கு. அமேசான், பந்தனால் ஆறுகளில் நன்னீர்த் திருக்கைகள் ஆழமற்ற மணலில் புதைந்து கிடக்கும். மிதித்தால் வாலிலுள்ள முள் காலில் இறங்கும். வலி மிகக் கொடியது. தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு உரசித் தேய்த்து நகர்ந்தால் அது விலகிப் போய்விடும். குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவுக்குச் சூடான நீரில் காலை வைத்திருந்தால் வலி தணியும்; உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெயிலையும் சாதாரணமாக எண்ணக் கூடாது. நிழலில்லாத படகில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். முழுக்கைச் சட்டை, தொப்பி, குடிநீர் மூன்றும் அவசியம்.

குழந்தைகளையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாமா? யாருக்கும் நீச்சல் தெரியாது.

உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று, உடலுக்குப் பொருந்தும் அளவில் இருந்தால் போகலாம். குழந்தைக்குரிய அளவு பல விடுதிகளில் இருப்பதில்லை, முன்னதாகவே கேளுங்கள். படகுகள் குறுகலானவை, ஒருவர் எழுந்து நின்றால் ஆட்டம் காணும். சிறு பிள்ளைகளைப் படகின் முன்புறம் பெரியவர் ஒருவரோடு உட்காரவைத்து, மீன்களைப் போடும் வாளியைப் பின்புறம் மூடியோடு வைக்கச் சொல்லுங்கள். மீன் எப்படிக் கடிக்கிறது என்பது குறித்து மேலே எழுதியதை அவர்களுக்குப் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தடுப்பூசி ஏதாவது கட்டாயமா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மீன் கிடைக்கும் பகுதிகள் மஞ்சள் காய்ச்சல் பரவும் பகுதிகள். அங்கிருந்து புறப்பட்ட ஆறு நாள்களுக்குள், செல்லத்தக்க சான்று இல்லாமல் இந்தியாவுக்குள் வந்தால், விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தலுக்கு அனுப்பப்படலாம். இந்தியக் கடவுச்சீட்டு இருப்பதால் விலக்கு கிடையாது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் போதும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் போடுகிறார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரிடம் பேசிய பிறகே முடிவு செய்ய வேண்டும். மலேரியாத் தடுப்பு மாத்திரை தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மீன் பிடிக்க உரிமம் வேண்டுமா? எல்லா மாதமும் பிடிக்கலாமா?

பிரேசிலில் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு உரிமம் உண்டு; இணையவழியிலேயே பெறலாம். விடுதிகள் பெரும்பாலும் இதைக் கவனித்துக்கொள்கின்றன என்றாலும், "உரிமம் யார் பொறுப்பு?" என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மீன்கள் முட்டையிட ஆற்றின் மேற்பகுதிக்குச் செல்லும் பிரசேமா காலத்தில் மீன்பிடிப்புக்குத் தடை இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் வடக்குப் பந்தனால் அமைந்த மாத்தோ குரோசோ மாநிலத்தில் அக்டோபர் முதல் ஜனவரி இறுதிவரையும், தெற்கிலுள்ள மாத்தோ குரோசோ தோ சுல் மாநிலத்தில் நவம்பர் 5 முதல் பிப்ரவரி இறுதிவரையும் தடை இருந்துவருகிறது. பந்தனாலுக்கு ஏற்றவை என்று மேலே சொன்ன மாதங்களில் போனால் இந்தச் சிக்கலே எழாது. தடைக்காலத்தில் யாராவது ரகசியமாக அழைத்துப் போவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

சாப்பிடலாமா? ருசி எப்படி?

தாராளமாகச் சாப்பிடலாம், அங்குள்ளவர்கள் விரும்பி உண்ணும் மீன் அது. சதை வெண்மையாக, சுவையாக இருக்கும். ஆனால் கவர்முள் அதிகம், சதை குறைவு. செதில் நீக்கி, குடல் எடுத்து, உடலின் இருபுறமும் நெருக்கமாகக் கீறிவிட்டு, உப்பும் எலுமிச்சையும் தடவி முழு மீனாக எண்ணெயில் பொரிக்கிறார்கள். நெருக்கமாகக் கீறுவதால் சிறுமுட்கள் துண்டாகிக் கொதிக்கும் எண்ணெயில் மொறுமொறுவென்று ஆகிவிடும். மரவள்ளிமாவைத் தூவிச் சோற்றோடு தருவார்கள். பந்தனாலில் பிரானாச் சாறு மிகவும் பெயர்பெற்றது. மீனை வேகவைத்து அரைத்து வடிகட்டி, தக்காளியும் வெங்காயமும் கொத்தமல்லித்தழையும் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். முள்ளுக்குப் பயப்படுபவர்கள் சாற்றையே கேளுங்கள்.

ரியோ நெக்ரோவிலும், தங்கச் சுரங்கங்களுக்குக் கீழேயுள்ள ஆறுகளிலும், பிற மீன்களைத் தின்னும் மீன்களின் உடலில் பாதரசம் சேர்கிறது. பயணத்தில் ஓரிரு வேளை உண்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது.

நம்ம ஊர் மார்க்கெட்ல விக்கிற ரூப்சந்த் பிரானாதானே?

பிரானா அல்ல, அதன் உறவுக்கார மீன். ஏரி வவ்வால் என்றும் சொல்லி விற்கப்படும் ரூப்சந்த், செவ்வயிற்றுப் பாக்கு எனப்படும் தென் அமெரிக்க மீன். இந்தியக் குளங்களில் வளர்க்கப்படுகிறது. சிறு வயதில் அதன் வயிறும் சிவந்திருப்பதால் குழப்பம் வருகிறது. வாயைத் திறந்து பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பாக்குவின் பற்கள் விதைகளையும் கொட்டைகளையும் உடைப்பதற்கேற்பக் கடைவாய்ப்பல்போல் தட்டையானவை. பிரானாவின் பற்கள் மேலே சொன்னதுபோல் கூரிய முக்கோணங்கள்.

சாப்பிடப் போவதில்லை என்றால் பிடிப்பது பாவமில்லையா? விட்டுவிட்டால் பிழைக்குமா?

சாப்பிட விருப்பமில்லாதவர் கழியைக் கையில் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. படகில் உட்கார்ந்து பார்த்தாலே போதும். பிடித்து விடுவதென்றால் முன்னதாகவே வழிகாட்டியிடம் சொல்லி, முள்ளின் நுனியில் பின்னோக்கியிருக்கும் சிறு பிசிறைக் குறட்டால் நசுக்கச் சொல்லுங்கள். முள் காயமில்லாமல் கழன்று வரும். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வைத்திருக்கும் நேரம் ஒரு படம் எடுக்கும் அளவுக்கு மேல் நீளக் கூடாது. கண்ணிலோ செவுளிலோ முள் ஏறிய மீன் பிழைப்பது கடினம். அதை வாளியில் போட்டுச் சமையற்கட்டுக்குக் கொடுத்துவிடுவதே சரி. உண்ணும் அளவுக்கு மீன் சேர்ந்ததும் கழியைக் கீழே வையுங்கள். மாத்தோ குரோசோ தோ சுல் மாநிலம், அங்குள்ள ஆறுகளுக்கே உரிய பிற மீன் ஒன்றும் பிரானா ஐந்தும் என ஒருவருக்கு வரம்பு வைத்திருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

பிடித்த மீனைக் கெய்மனுக்கும் பருந்துக்கும் எறிகிறார்களே, நாமும் எறியலாமா?

எறிய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். மீனைக் கவ்வப் பருந்து தாழ்ந்து வருவதைப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். ஆனால் படகைக் கண்டால் உணவு வரும் என்று பழகிவிட்ட கெய்மன், அடுத்த நாள் துணி துவைக்க வரும் ஊர்ப்பெண்ணின் அருகிலும் வரும். பயணி ஊருக்குத் திரும்பிவிடுவார். ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் அங்கேயே இருப்பார்கள். வழிகாட்டி உங்களை மகிழ்விக்கவே அப்படிச் செய்கிறார். வேண்டாமென்று மரியாதையாகச் சொன்னால் நிறுத்திக்கொள்வார்.

தாடையெலும்பை நினைவுப்பொருளாகக் கொண்டுவரலாமா?

மனௌஸ் கடைகளில் பதப்படுத்திய பிரானாவை விற்கிறார்கள். ஆனாலும் காட்டுயிர்ப் பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டு செல்லப் பிரேசிலில் அனுமதி தேவைப்படுகிறது. இந்தியச் சுங்கத்திலும் கேள்வி எழலாம். படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் கவனமாக இருந்தும் கடித்துவிட்டால்?

இரத்தம் நிறையவே வரும், பயந்துவிடாதீர்கள். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு குடிநீரும் சோப்பும் கொண்டு நன்றாகக் கழுவ வேண்டும். ஆற்றுநீரால் கழுவக் கூடாது, அதிலுள்ள கிருமிகள் காயத்தைச் சீழ்பிடிக்க வைக்கும். விரலை மடக்க முடியாவிட்டாலும், நுனியில் உணர்வு இல்லாவிட்டாலும், சதைத்துண்டு போயிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றவர்களும் மறுநாளுக்குள் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. பல விடுதிகளிலிருந்து நகரத்துக்குப் படகில் சில மணி நேரம் ஆகும் என்பதால், டெட்டனஸ் ஊசியை மஞ்சள் காய்ச்சல் ஊசி போடப் போகும்போதே கேட்டுப் போட்டுக்கொண்டு, காயக்கட்டுத் துணியையும் கிருமிநாசினியையும் படகிலேயே எடுத்துச் செல்லுங்கள். மலையேற்றத்தையோ காட்டுப் பயணத்தையோ விலக்கும் காப்பீடுகள் உண்டு. படகிலிருந்து மீன் பிடிப்பது உங்கள் பயணக் காப்பீட்டில் அடங்குகிறதா என்பதையும் புறப்படும் முன் படித்துப் பாருங்கள்.